பட்டம் பெறாதவர் விட்ட பட்டம்

போர்க்களத்திற்குச் செல்லும் படைத்தலைவனுக்குத் துப்பாக்கியும் பீரங்கியும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது கண். எதிரே நிற்கும் குன்றுக்கு அப்பால் பகைவன் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறான், பீரங்கிகளை எங்கே மறைத்து வைத்திருக்கிறான், இரவோடு இரவாக எந்தப் பக்கம் நகரப் போகிறான் என்பவற்றை முன்கூட்டியே அறிந்தவனுக்குப் பாதி வெற்றி கைக்கு வந்துவிட்டது எனலாம். அதற்காகத்தான் ஒற்றர்களை அனுப்பினார்கள். குதிரை வீரர்களை விரட்டினார்கள். உயர்ந்த மரங்களிலும் கோபுரங்களிலும் ஏறிப் பார்த்தார்கள். 1794-ஆம் ஆண்டு ஃப்ளூரஸ் என்னுமிடத்தில் நடந்த போரில் பிரெஞ்சுக்காரர்கள் வாயு நிரப்பிய பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலே விட்டு, அதன் கூடையில் இருந்தபடி பகைவரின் அணிவகுப்பைப் பார்த்தார்கள். அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டு காலம் பலூனே படைகளின் வானத்துக் கண்ணாக விளங்கியது.

ஆனால் பலூனுக்கு ஒரு குறை உண்டு. காற்று மணிக்கு இருபது மைல் வேகத்தைத் தாண்டிவிட்டால் அது குடித்தவனைப்போல் ஆடத் தொடங்கிவிடும். மேலே இருப்பவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைப்பதைவிடக் கூடையின் விளிம்பைப் பற்றிக்கொள்வதிலேயே கவனமாக இருக்க வேண்டும். காற்று மிகுந்த நாளில் எது உதவும்? இக்கேள்விக்கு விடை சொன்னவர் ஒரு படைத்தலைவர் அல்லர்; பேராசிரியரும் அல்லர். நாடக மேடையில் குதிரை ஏறித் துப்பாக்கி சுட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கர். சாமுவேல் ஃபிராங்க்ளின் கோடி என்பது அவர் பெயர். நம் எழுத்தில் எழுதும்போது பெருஞ்செல்வம் போலத் தோன்றும் இப்பெயரைத் தாங்கியவர், வாழ்நாளின் பெரும்பகுதி கடனோடும் கந்தலோடும் போராடியவர் என்பது ஒரு வேடிக்கை.

அவர் பெயரே அவருக்குப் பிறப்பில் வந்ததன்று. 1867-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்னும் ஊரில் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் கௌடரி. ஆனால் அவர் தம்மைப் பற்றிச் சொல்லி வந்த கதை வேறு. டெக்சாஸ் மாநிலத்துப் பேர்ட்வில் என்னும் ஊரில் பிறந்ததாகவும், செவ்விந்தியர் தம் வீட்டைத் தாக்கியபோது தாம் மட்டும் தப்பியதாகவும் அவர் சொல்லி வந்தார். அந்தக் காலத்தில் பஃபலோ பில் கோடி என்பவரின் குதிரை வீரர் காட்சிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்புகழ் பெற்றிருந்தன. அந்தப் புகழின் நிழலில் ஒதுங்குவதற்காகவே கௌடரி கோடி ஆனார். நீண்ட தலைமுடி, முறுக்கிய மீசை, கூரிய தாடி, அகன்ற விளிம்புள்ள தொப்பி என்று உருவத்தையும் அவ்வாறே அமைத்துக்கொண்டார். பிற்கால ஆய்வாளர்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது.

பொய் சொன்னவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தம் பிறப்பைப் பற்றி அவர் சொன்னவற்றுள் பல பொய். தம் பட்டங்களைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் அவர் சொன்னவற்றுள் பெரும்பாலானவை மெய். இவ்விரண்டையும் பிரித்தறியும் பொறுமை அன்றைய அதிகாரிகள் பலருக்கு இல்லை. அதுவே அவர் வாழ்க்கையின் துன்பம்.

ஏட்டுக் கல்வி அவருக்கு மிகக் குறைவு. எழுதப் படிக்கவே தடுமாறுவார் என்பர். மாடு மேய்க்கும் வேலையும் குதிரை பழக்கும் வேலையும் பார்த்து, கயிறு வீசவும் குறி தவறாமல் சுடவும் கற்று, ஊர் ஊராகச் சென்ற காட்சிக் குழுக்களில் சேர்ந்தார். 1889-இல் மாட் லீ என்னும் பெண்ணை மணந்தார். இருவரும் அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு வந்து மேடையேறினர். அப்பெண்ணின் உடலும் மனமும் நலிந்தன. அவர் தாய்நாடு திரும்பினார். அதன்பின் கோடி, எலிசபெத் கிங் என்னும் பெண்மணியோடு வாழ்ந்தார். லேலா என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட அவர் முன்னரே மணமானவர், குழந்தைகளின் தாய். சட்டப்படி திருமணம் நடைபெறவில்லை எனினும், ஊர் உலகம் அவரைக் கோடியின் மனைவியாகவே அறிந்திருந்தது. அவருடைய பிள்ளைகளும் கோடியைத் தந்தையாகவே கொண்டனர். லியோன், விவியன் என்னும் இருவரும் பின்னாளில் பட்டக் கொட்டகையில் அவருக்கு வலக்கையும் இடக்கையுமாக இருந்தவர்கள்.

இக்குடும்பம் ஐரோப்பாவெங்கும் சுற்றியது. அப்போது மிதிவண்டி புதிதாகப் பரவிக்கொண்டிருந்த காலம். மிதிவண்டி வீரர்களோடு குதிரை மேல் ஏறிப் பந்தயம் ஓடிக் கோடி பணம் சேர்த்தார். 1898-இல் கிளாண்டைக் நகெட் என்னும் நாடகத்தைத் தாமே உருவாக்கி மேடையேற்றினார். தங்கம் தேடிச் சென்றவர்களின் கதை. மேடையிலேயே குதிரைகள், வெடிச்சத்தம், சண்டை. இங்கிலாந்தில் அந்நாடகத்திற்குக் கூட்டம் அலைமோதியது. அந்தக் கூட்டம் கொடுத்த காசுதான் பிரித்தானிய விமானவியலின் முதல் மூலதனங்களுள் ஒன்று என்று சொன்னால் அது மிகையன்று. நாடக வருவாய் முழுதும் பட்டங்களாகிப் பறந்தது.

பட்டத்தின் மேல் அவருக்கு ஆசை எவ்வாறு பிறந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அவற்றை விட்டுவிடுவோம். அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை மட்டும் நமக்குத் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் 1893-இல் பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு பெட்டிகளை முன்னும் பின்னுமாக இணைத்தாற்போன்ற அமைப்பு அது. வால் இல்லாமலேயே காற்றில் அசையாது நிற்கும். 1894-இல் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து, தம்மையே பதினாறு அடி உயரம் தூக்கச் செய்தார் ஹார்கிரேவ். அதே ஆண்டில் இங்கிலாந்தில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் தம்பியும் மனிதனைத் தூக்கும் பட்டங்களைச் செய்து பார்த்தார். கோடி என்ன செய்தார்? ஹார்கிரேவின் பெட்டிகளுக்கு வௌவாலின் சிறகுபோல இருபுறமும் இறக்கைகள் சேர்த்தார். தூக்கும் வலிமை பெருகியது. 1901-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அவருடைய அமைப்பை இங்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதில்தான் அவருடைய அறிவின் கூர்மை தெரிகிறது. முதலில் ஒரு சிறிய பட்டம் மேலே செல்லும். காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்து வரும் தூதன் போன்றது அது. அதன் பின்னால் தடித்த கம்பி வடம் எழும். அந்த வடத்தின் வழியாகப் பெரிய பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு ஏறும். வடத்தில் இடையிடையே கூம்பு வடிவத் தடுப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஒவ்வொரு பட்டத்தின் வளையமும் தனக்குரிய தடுப்பு வந்ததும் நின்றுவிடும். சிறிய தடுப்புகளைக் கடந்து மேலே போய்விடும். காற்று மெல்ல வீசினால் பட்டங்களைக் கூட்டலாம்; வலுத்து வீசினால் குறைக்கலாம். இவையெல்லாம் வடத்தை இறுக்கமாகப் பிடித்து நிறுத்தியபின், கடைசியாக ஒரு பெரும் பட்டம், கூடையோடும் கூடையில் மனிதனோடும் வடத்தின்மேல் உருளைகளில் ஏறும். அந்த மனிதன் சில கயிறுகளைக் கொண்டு தன் பட்டத்தின் சாய்வை மாற்றித் தானே மேலேறலாம், தானே கீழிறங்கலாம். தடையைப் பிடித்து விரும்பிய இடத்தில் நிற்கலாம். தொலைநோக்கி, நிழற்படக் கருவி, கீழே இருப்பவர்களோடு பேசத் தொலைபேசி ஆகியவை உடன் செல்லும். பலூன் கலங்கும் காற்று இதற்கு உணவு. இயற்பியலைக் கரும்பலகையில் கண்டிராத ஒருவர் செய்தது இது.

1901 இறுதியில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்தது. தம் பட்டங்களை அப்போரில் வேவு பார்க்கப் பயன்படுத்துமாறு போர் அமைச்சகத்திற்குக் கோடி எழுதினார். நாடகக்காரரின் கடிதத்திற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். போர் முடிந்தது, பட்டம் ஏறவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. கருவிகளைக் கட்டிய பட்டம் ஒன்றை ஏறத்தாழ 14,000 அடி உயரத்திற்கு அனுப்பியதைக் கண்டு, அரச வானிலைக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. கல்லூரிப் பட்டம் பெறாதவர், காகிதப் பட்டம் போன்ற ஒன்றால் தம் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார். 1903-இல் பட்டம் இழுத்துச் செல்லும் சிறு படகில் தனியாக அமர்ந்து, பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவர் வரை கால்வாயைக் கடந்தார். இது வெறும் வேடிக்கை என்று சிலர் நினைத்தனர். கடற்படை நினைக்கவில்லை. கப்பலின் கொடிமரத்துக்கு மேலே ஒருவன் ஆயிரம் அடி உயரத்தில் நின்றால் தொடுவானம் எவ்வளவு விரியும் என்று அவர்களுக்குத் தெரியும். சோதனைகள் நடந்தன, சில பட்டத் தொகுதிகளைக் கடற்படை வாங்கவும் செய்தது. 1905-இல் ஆல்டர்ஷாட்டில் நடந்த தரைப்படைச் சோதனையில் மோர்ட்டன் என்னும் வீரர் 2,600 அடி உயரம் வரை சென்று இறங்கினார். 1906-இல் படையின் பலூன் பள்ளியில் பட்டக் கலையின் தலைமைப் பயிற்றுநராகக் கோடி அமர்த்தப்பட்டார்.

இங்கே அவர் வாழ்வில் ஒரு திருப்பம். கயிற்றில் கட்டுண்ட கண் எத்தனை உயரம் போனாலும் கயிறு உள்ள தூரத்திற்கே பார்க்கும். கண் தானே நடந்து சென்று பார்த்து வர வேண்டுமானால்? படையின் வான்கப்பல் வேலையில் அவரும் பங்கு கொண்டார். 1907 அக்டோபர் 5-ஆம் நாள், எவர்க்கும் இரண்டாவதல்ல என்னும் பொருள்படும் இலத்தீன் பெயர் தாங்கிய அவ்வான்கப்பல் கர்னல் கேப்பரையும் கோடியையும் சுமந்துகொண்டு ஃபார்ன்பரோவிலிருந்து புறப்பட்டு இலண்டன் மாநகரின்மேல் பறந்தது. மாட்டின் குடல் தோலைப் பதப்படுத்தி ஒட்டிச் செய்த பை அதனுடையது. தெருவெல்லாம் மக்கள் நின்று அண்ணாந்து பார்த்தனர். திரும்பும்போது எதிர்க்காற்று தடுத்தது. கிரிஸ்டல் பேலஸ் திடலில் இறக்கிக் கட்டினார்கள். ஐந்து நாள் கழித்துக் காற்று அதைக் குலைத்துவிட்டது. பெயர் பெரிதாக இருந்ததே தவிர, காற்றுக்கு அது இரண்டாவதாகவே நின்றது!

அந்த வான்கப்பலில் இருந்த ஐம்பது குதிரைச் சக்தி கொண்ட ஆன்ட்வானெட் எந்திரத்தைக் கோடி தம் அடுத்த படைப்பில் பொருத்தினார். அதற்குப் பிரித்தானியப் படை விமானம் எண் 1 என்று பெயர். பட்டத்திலிருந்து பிறந்த விமானம் அது; ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெருஞ்சிறகுகள், இரு சுழல்விசிறிகள். விசிறிகளின் இழுவிசையை அளக்க ஆய்வுக்கூடம் ஏது? ஒரு மரத்தில் விமானத்தைக் கட்டி, இடையில் வில்தராசு ஒன்றை வைத்து எந்திரத்தை ஓட்டினார். தராசின் முள் எவ்வளவு காட்டியதோ அதுவே அளவு. 1908 அக்டோபர் 16-ஆம் நாள் ஃபார்ன்பரோவில் அந்த விமானம் தரையை விட்டு எழுந்தது. 1,390 அடி தூரம் பறந்தது. மொத்தம் 27 வினாடி. மரங்களைத் தவிர்க்கத் திருப்பியபோது சிறகு தரையில் பட்டு நொறுங்கியது. கோடிக்குக் காயம் இல்லை. எந்திர ஆற்றலால் ஒரு விமானம் பிரித்தானிய மண்ணில் மனிதனோடு முறையாகப் பறந்த முதல் நிகழ்ச்சியாக அது ஏற்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு சூன் திங்களில் ஏ. வி. ரோ என்பவர் எழும்பியதைச் சிலர் முற்படக் கூறுவர். ஆயினும் அது துள்ளலே தவிரப் பறத்தல் அன்று என்பதே பலர் முடிபு.

இருபத்தேழு வினாடி வெற்றிக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வேலை நீக்கம்! 1909-இன் தொடக்கத்தில் ஈஷர் பிரபுவின் தலைமையிலான குழு, படைக்கு வான்கப்பல் போதும், விமானத்திற்கு அரசுப் பணம் வேண்டாம், அதைத் தனியார் பார்த்துக்கொள்ளட்டும் என்று கருத்துரைத்தது. ஏப்ரலில் கோடியின் ஒப்பந்தம் முடிந்தது. விமானத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் இரகசியமாகச் சோதனை செய்துவந்த டன் என்னும் படை அதிகாரிக்கும் அதே கதிதான்.

அந்த முடிவை வெறும் மடமை என்று தள்ளிவிடலாகாது. அன்றைய போர் அமைச்சர் ஹால்டேன் மெய்யியல் கற்ற அறிஞர். கைத்திறனும் துணிச்சலும் மட்டும் உள்ளவர்களை நம்பி விமானப் படை எழுப்ப இயலாது, கணக்கும் ஆய்வுமே அடிப்படையாக வேண்டும் என்று அவர் உறுதியாக எண்ணினார். ராலே பிரபு என்னும் பெரும் இயற்பியல் அறிஞரின் தலைமையில் அறிவுரைக் குழு ஒன்றை 1909-இல் அமைத்தார். இன்று பார்க்கையில் அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடம் எழும்வரை கைவினைஞனைக் கொட்டகையில் இருக்க விட்டிருந்தால் அரசின் கருவூலம் குடி முழுகிப் போயிருக்காது. என் கணிப்பு, ஹால்டேன் நெறியில் சரியாகவும் நேரத்தில் தவறாகவும் இருந்தார் என்பதே.

கோடி எங்கும் போய்விடவில்லை. அதே லஃபான் வெளியில், அதே படைவீரர்களின் கண்ணெதிரில், தம் சொந்தக் காசில் தொடர்ந்தார். 1909 மே 14-ஆம் நாள் ஒரு மைலுக்கு மேல் பறந்தார். செய்தி கேட்ட வேல்ஸ் இளவரசர் அன்றே மறுபடி காட்டச் சொன்னார். திரும்பும்போது எதிரில் படைவீரர் சிலர் நின்றனர். அவர்களைத் தவிர்க்க முயன்று விமானத்தைக் கரை மேட்டில் மோதிக்கொண்டார் கோடி. எத்தனையோ முறை விழுந்தார், எலும்பு முறிந்தது, ஆறியது. ஆகஸ்டில் முன்னாள் மேலதிகாரியான கேப்பரை ஏற்றிப் பறந்தார். அடுத்து லேலாவை ஏற்றினார். பிரித்தானியாவில் விமானத்தில் பயணம் செய்த முதல் பெண்மணி அவரே என்பர். செப்டம்பர் 8-ஆம் நாள் ஊர்களையும் வயல்களையும் கடந்து ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வானில் இருந்தார். படைக்கு வேண்டிய வேவுப் பறப்பு என்பது இதுதானே? ஆயினும் ஒப்பந்தம் வரவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் டான்காஸ்டர் நகரத்து விமான விழாவில், கூடியிருந்த மக்கள் முன்னிலையில், இசைக்குழு நாட்டுப்பண் முழங்கப் பிரித்தானியக் குடிமகனாகக் கையெழுத்திட்டார். நாடகக்காரர் அல்லவா? கையெழுத்துக்கும் மேடை வேண்டியிருந்தது. படைவீரர்கள் அவரைக் கர்னல் என்று அன்போடு அழைத்தனர். எந்தப் படையிலும் அவர் கர்னலாக இருந்ததில்லை. அவருடைய விமானத்தின் பருமனைக் கண்டு பறக்கும் தேவாலயம் என்று பெயரிட்டனர். மூங்கிலும் துணியும் கம்பியுமாக எழுந்து நின்ற அதைப் பார்த்தவர்கள் அப்பெயரை மறுக்கமாட்டார்கள்.

1910-இன் கடைசி நாளில், நான்கு மணி 47 நிமிடம் இடைவிடாது வட்டமிட்டு 185 மைல் பறந்து மிச்சலின் கோப்பையை வென்றார். 1911-இல் டெய்லி மெயில் நாளேடு பிரித்தானியாவைச் சுற்றி 1,010 மைல் தூரத்திற்கு ஒரு பந்தயம் வைத்தது. முடித்தவர்கள் நால்வர். முதலில் வந்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. நான்காவதாக, இரண்டு வாரம் கழித்து, வழியெல்லாம் தாமே பழுது பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தவர் கோடி. பிரித்தானியாவில் செய்த விமானங்களுள் முடித்தது அவருடையது ஒன்றுதான்.

பந்தயங்களை இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்கிறேன். 1912 ஆகஸ்டில் சாலிஸ்பரி வெளியில் நடந்த சோதனையே நம் பொருளுக்கு இதயம். மூன்றே ஆண்டுகளில் போர் அமைச்சகத்தின் மனம் மாறியிருந்தது. அரச வானூர்திப் படை அவ்வாண்டில்தான் நிறுவப்பட்டது. அதற்கு ஏற்ற வேவு விமானம் எது என்று கண்டறிய உலகத்துக்கே அறைகூவல் விடுத்தார்கள். விதிகளைப் படித்தால் அப்படைக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகும். விமானியோடு பார்வையாளர் ஒருவரும் அமர வேண்டும். கருவிகள் நீங்கலாக 350 இராத்தல் சுமக்க வேண்டும். நாலரை மணி நேரத்திற்கு எரிபொருள் கொள்ள வேண்டும். மணிக்கு 55 மைலுக்குக் குறையாமல் செல்ல வேண்டும். 4,500 அடி உயரத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நீண்ட புல்லிலும் உழுத நிலத்திலும் இறங்கி எழ வேண்டும். இருவருக்கும் கீழே உள்ள நிலம் நன்றாகத் தெரிய வேண்டும். சுடுவதைப் பற்றியோ குண்டு போடுவதைப் பற்றியோ பெரும் பேச்சு இல்லை. பார்த்து வந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

இதற்காகக் கோடி ஒற்றைச் சிறகு விமானம் ஒன்றைப் புதிதாகச் செய்தார். சூலையில் அது இறங்கும்போது பசு ஒன்று குறுக்கே வந்தது. பசு மாண்டது, விமானமும் நொறுங்கியது. அவருடைய பழைய இரட்டைச் சிறகு விமானமும் அதே காலத்தில் வேறொரு விபத்தில் உடைந்தது. சோதனைக்குச் சில வாரமே இருந்தது. மற்றவராயின் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அவரோ ஒன்றின் எந்திரத்தையும் மற்றொன்றின் உறுப்புகளையும் சேர்த்து மூன்றாவது ஒன்றைக் கட்டி முடித்தார். 120 குதிரைச் சக்தி ஆஸ்திரோ-டெய்ம்லர் எந்திரம் அதனுடையது. அந்த ஒட்டுப்போட்ட விமானம், பெரும் நிறுவனங்களின் விமானங்கள் எல்லாவற்றையும் தாண்டி முதற்பரிசு பெற்றது. உலகோர்க்கான நாலாயிரம் பவுனும் பிரித்தானியருக்கான ஆயிரம் பவுனும் அவருக்கே. டான்காஸ்டரில் போட்ட கையெழுத்தின் பயன் இரண்டாவது பரிசில் தெரிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். அச்சோதனையில் பரிசுக்கு அப்பாற்பட்டு ஒரு விமானம் பறந்தது. அரச விமானத் தொழிற்சாலையில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் வரைந்த பி.இ.2 அது. அத்தொழிற்சாலையின் தலைவரே நடுவர்களுள் ஒருவராக இருந்ததால் அது போட்டியில் சேரவில்லை. ஆகஸ்டு 12-ஆம் நாள் ஒரு பயணியையும் ஏற்றிக்கொண்டு அது பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. பார்த்தவர்களுக்குப் பரிசு யாருக்கு, எதிர்காலம் எதற்கு என்பது விளங்கிவிட்டது. படை தேர்ந்தது பி.இ.2-ஐத்தான். கோடியின் விமானம் இரண்டே இரண்டு வாங்கப்பட்டன. 1913 ஏப்ரலில் அவற்றுள் ஒன்று வானிலேயே உடைந்து, ஓட்டிச் சென்ற இளம் அதிகாரி மாண்டார். பட்டத்தின் வழி வந்த விமானம் அதற்குமேல் வளர இடமில்லை என்பதைக் கோடியின் அன்பர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹால்டேன் நம்பிய கணக்கு, பி.இ.2-இன் சிறகில் அமர்ந்து வந்திருந்தது.

கோடி அடுத்ததாகக் கடல் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டு 7-ஆம் நாள் காலை, மிதவைகளுக்குப் பதிலாகச் சக்கரங்களைப் பொருத்தி அதைச் சோதித்துக்கொண்டிருந்தார். உடன் சென்றவர் எவன்ஸ் என்னும் கிரிக்கெட் வீரர். சில நூறு அடி உயரத்தில் விமானம் சிதைந்தது. இருவரும் மரங்களிடையே வீழ்ந்து மாண்டனர். கோடிக்கு அப்போது வயது நாற்பத்தாறு. ஆல்டர்ஷாட்டில் படைவீரர்க்கென்று ஒதுக்கிய இடுகாட்டில், படைப் பதவி எதுவும் இல்லாத அவருக்கு முழுப் படை மரியாதையோடு இடம் கொடுத்தனர். ஊர்வலத்தைக் காண நூறாயிரம் பேர் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அரசு அவரை நீக்கியபோது வராத அழைப்பு, சாவுக்குப்பின் வந்தது.

சரியாக ஓராண்டில் உலகப் போர் மூண்டது. 1914 ஆகஸ்டு 19-ஆம் நாள் பெல்ஜிய மண்ணின்மேல் பிரித்தானியப் படையின் முதல் வேவுப் பறப்பு நடந்தது. சென்ற இரண்டு விமானங்களுள் ஒன்று பி.இ.2 வகையைச் சேர்ந்தது. சில நாள்களில், மான்ஸ் நகரருகே ஜெர்மானியர் பெருந்திரளாக வந்து வளைப்பதை வானிலிருந்து கண்டு வந்து சொன்னார்கள். அந்தக் கண் இல்லாதிருந்தால் அச்சிறு படை சிக்கியிருக்கும். பி.இ.2-இன் பின்வந்த வடிவங்கள், பார்வையாளர் நிம்மதியாகப் பார்ப்பதற்காகவே ஆடாமல் அசையாமல் பறக்கும்படி அமைக்கப்பட்டன. அந்த அசையாமையே 1915-இல் ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களுக்கு எளிய இலக்காகவும் ஆயிற்று.

கோடியின் இளைய மகன், தந்தையின் பெயரையே தாங்கிய ஃபிராங்க், அரச வானூர்திப் படையில் சேர்ந்து 1917 சனவரியில் வான்சண்டையில் மாண்டார். லேலா 1939 வரை வாழ்ந்தார்.

படை வாங்கிய இரண்டு விமானங்களுள் எஞ்சியது, 304 என்னும் எண்ணோடு, இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண் 1 விமானத்தைக் கட்டி இழுத்துப் பார்த்த ஃபார்ன்பரோ மரம் காலப்போக்கில் பட்டுப்போனது. அங்கிருந்தவர்கள் அதை அவ்வாறே அச்செடுத்து அலுமினியத்தில் வார்த்து நிறுத்தினார்கள். 2013-இல், அவர் மறைந்த நூற்றாண்டில், அந்நகரில் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஹால்டேன் விரும்பிய அறிவியலாளர்களின் வழித்தோன்றல்கள் பணிபுரியும் அங்குள்ள பாதுகாப்பு ஆய்வு வளாகத்திற்கும் கோடியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.